கோலுக்கு எடுத்து வைத்த கையுறை

பந்து வலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் அண்ணன் பாய்ந்தான்.

ஆயர் தாவார் பக்கம் எங்கள் தோட்டத்து விளையாட்டுத் திடலான பாடாங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் சும்மா காலால் தட்டிவிட்ட பந்து. வேகமே கிடையாது. கோலில் நின்ற அண்ணன் அதைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான். பந்து அவனைத் தாண்டி உருண்டு வலையில் பட்டு நின்றது. அப்புறம் வலது பக்கம் ஒரு பாய்ச்சல். அழகான பாய்ச்சல், அதையும் சொல்லியாக வேண்டும். உடம்பை முழுக்க நீட்டி, இரண்டு கையையும் விரித்து, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பிடித்தான்.

பாடாங்கே சிரித்தது. அதில் என் சத்தம்தான் பெரிது. ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் ஆள் என்ற திமிர் தலைக்குள் காற்றடித்த டியூப் மாதிரி இருந்தது. எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பேன். அன்றைக்கும் வைத்திருந்தேன்: அண்ணனுக்கு மலாஸ் பிடித்துவிட்டது. சோம்பேறித்தனம். தட்டி எழுப்பினால் சரியாகிவிடும்.

அது எண்பதுகளின் தொடக்கம். தோட்டத்தில் ரப்பர் மரங்களை எல்லாம் சாய்த்து எண்ணெய்ப்பனை போட்டு முடித்திருந்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். மரம் போனதும் அவர் பேரும் தோட்டத்து ஆள் பேரேடான செக்ரோலிலிருந்து போய்விட்டது. செக்ரோலில் பேர் இருந்தால்தான் லயத்து வரிசையில் வீடு. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே பேர், அண்ணன் பேர். அவன் வேலைக்குப் போகும்வரை அம்மாவுக்குக் கூரை உண்டு. சனி ஞாயிறில் வந்து துணி துவைக்கப் போட்டுவிட்டுப் போகும் எனக்கும்தான்.

அதிலிருந்து வெளியே வர ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. ஈப்போவில் ஒரு அரசு இலாகாவுக்குக் கால்பந்துக் குழு இருந்தது. குழுவில் எடுத்தால் இலாகாவில் வேலை, தங்க குவார்ட்டர்ஸ், எல்லாம் சேர்த்துத்தான். அந்தக் குழுவின் மலாய்க்காரப் பயிற்சியாளர் ஒருமுறை தைப்பிங்கில் நடந்த ஆட்டத்தில் அண்ணனைப் பார்த்திருக்கிறார். மழையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கின பந்தை அவன் ஒரு கையால் பிடித்ததைப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் தேர்வுக்கு வா என்று சொல்லியிருந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு அப்போது இருபத்து நாலு. அதாவது, அந்த வருஷம் ஒன்று, கெஞ்சினால் இன்னொன்று. அவ்வளவுதான்.

இப்போது கையுறை. இதை மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த யோசனை என்னுடையது.

எண்ணெய்ப்பனையில் ஒரு புழு வரும். காய்ந்த மட்டைத் துணுக்குகளை வைத்துச் சின்னதாய்ப் பை மாதிரி கூடு கட்டி, அதற்குள் இருந்தபடியே இலையைத் தின்றுவிடும். ஏக்கர் கணக்கில் மரம் மொட்டையாகிவிடும். அதற்கு மருந்து அடிக்கிற விதம் தனி. ஒருவன் யந்திரத்தால் மரத்தில் ஓட்டை போடுவான். பின்னால் வருகிறவன் பெரிய ஊசிக்குழலில் மருந்தை இழுத்து, ஓட்டைக்குள் செலுத்திவிட்டு, ஒரு உருண்டை களிமண்ணால் அடைப்பான். கை நடுங்கினால் மருந்து வெளியே வழியும். தோட்டத்திலேயே நடுங்காத கை கோல் பிடிக்கிற கைதான் என்று வேலை வாங்கும் மண்டோர் அண்ணனைப் பொறுக்கி எடுத்தார். அது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மருந்துக்காரர்களுக்குத் தோட்டம் ரப்பர் கையுறை கொடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி. ஆரஞ்சு நிறம், முழங்கை வரை வரும், உள்ளங்கைப் பக்கம் பல்லித்தோல் மாதிரி சொரசொரப்பு. முதல் ஜோடியை அண்ணன் வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈப்போவில் நான் தங்கியிருந்த வீட்டு டிவியில் இங்கிலாந்து ஆட்டங்கள் வரும். அங்கே கோல்கீப்பர் எல்லாம் கையுறையோடுதான் நிற்பான். எங்கள் பக்கத்தில் வெறுங்கைதான். சொரசொரப்பு பந்தைப் பிடிக்கும், மழையில்கூட வழுக்காது என்று அவனுக்கு விளக்கினேன். உராய்வு விசை என்றெல்லாம் பேசினேன். அம்மாவின் கத்தரிக்கோலால் மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எறிந்தேன். சைக்கிள் டியூபைக் கீறி இறுக்க வார் செய்து கொடுத்தேன். மறுநாள் ஆட்டத்தில் அவன் ஒரு கோல்கூட விடவில்லை.

"இத வேலைக்குப் போட்டுப் போயி கிழிச்சிராதண்ணே," என்றேன். "செலெக்‌ஷனுக்கு வேணும்லா."

அவன் கிழிக்கவில்லை. அம்மாவின் பழைய புடவைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்தான். அடுத்து வந்த ஜோடியும் சாயங்காலப் பயிற்சிக்கே போனது. காட்டுக்குள் வெறுங்கையோடு மருந்தைத் தொட்டான். மண்டோர் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் கை அவிகிறது என்று மற்றவர்களும் பாதி நேரம் கழற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பாதி நேரமாவது போட்டார்கள்.

மே மாதத்தில் மந்தம் தொடங்கியது. முதலில் பேச்சில்தான் தெரிந்தது. ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. கேள்வி கிணற்றுக்குள் விழுந்து தண்ணீரில் படுகிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பதுபோல் காத்திருக்க வேண்டும். பிறகு, "ம்ம், என்னா கேட்ட?" என்பான். சோற்றைப் பிசைந்த கை அப்படியே தட்டில் நின்றுவிடும். வேலை முடிந்து காலை பதினொரு மணிக்கு வந்தால் குளித்த ஈரத்தோடு படுத்து மூன்று மணிவரை தூங்குவான். எழுந்தால் தூங்காதவன் முகம். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று துப்பிக்கொண்டே இருப்பான். தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னான். சொல்லிவிட்டு அதையும் மறந்துவிட்டான்.

தோட்டத்தில் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். குழுவில் பின்னால் நின்று ஆடும் அவன் கூட்டாளி, மச்சானுக்கு எவளோ ஒருத்தி மருந்து வைத்துவிட்டாள் என்று சத்தியம் செய்தான். கள்ளுக்கடையில் கள் என்றார்கள், கள்ளுக்கடைக்கு வெளியே கஞ்சா என்றார்கள். அம்மா கண்ணேறு என்றார். தைப்பிங் ஆட்டத்துக்குப் பிறகு ஊரே அவனைப் பார்த்ததாம். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைவலிக்கு வெள்ளை மாத்திரையும் உடம்புக்குச் சிவப்பு டானிக்கும் கொடுத்தார். அவருக்கு எல்லா நோயும் இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கிவிடும்.

நான் படித்தவன் இல்லையா? இயற்பியல் பாடத்தில் கற்ற ஒரு சோதனையைக் கொண்டுவந்தேன். ஒரு அடி மரக்கோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, கீழே அவன் விரலை அகட்டி வைக்கச் சொல்லி, சொல்லாமல் விடுவேன். எத்தனையாவது அங்குலத்தில் பிடிக்கிறான் என்று பார்த்தால் அவன் வேகம் தெரிந்துவிடும். போன வருஷம் விளையாட்டாகச் செய்தபோது நாலில் பிடித்தவன். எங்கள் வகுப்பில் யாருமே ஆறுக்குக் கீழே போனதில்லை. அந்த ஜூனில் பத்து. ஜூலையில் ஒரு நாள் மரக்கோல் தரையிலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் விரல்கள் மூடின.

இரண்டு பேரும் அந்த மரக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னொருக்கா விடுடா," என்றான்.

விட்டேன். அதுவும் தரையில்தான்.

நான் அதற்குப் பயந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. தேர்வுக்கு இருந்தது மூன்று வாரம். கல்லூரி விடுமுறை வந்ததும் தோட்டத்துக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் ஓட வைத்தேன். சாயங்காலம் பத்தடியில் நின்றுகொண்டு பந்தை அவன் மூஞ்சியைப் பார்த்தே உதைத்தேன். பச்சை முட்டை, பாலில்லாத கோப்பி-ஓ, குளிர்ந்த நீர், எதையும் விடவில்லை. எருமை என்று திட்டினேன். அம்மா வெளியே போய் நிற்பதற்கா இப்படித் தூங்குகிறாய் என்று கேட்டேன். அவன் ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசவில்லை. அது பொறுமை என்று அப்போது நினைத்தேன். திருப்பிப் பேசுவதற்கான சொல் அவனுக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தேன். தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்க அவனுக்கு ஓய்வு வேண்டும் என்று ஆபீசில் போய்க் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் பேசினேன். கொஞ்சம் ஆங்கிலம் கலந்து பேசினேன், எடுபட்டது. அந்த வாரத்து மரங்களை முன்கூட்டியே முடித்துவிட்டால் ஒரு வாரம் விடலாம் என்று கிராணி ஒத்துக்கொண்டார். அதனால் ஜூலைக் கடைசியில் அண்ணன் இரட்டை வேலை செய்தான். காலையிலும் மதியத்திலும் மருந்து. ஊசிக்குழலைக் கீழே வைக்கும்போது விரல் எல்லாம் ஊறி வெளுத்திருக்கும். நான் கிராணியை மடக்கிய கதையைப் பாடாங்கில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தேர்வு நாளன்று பாரிட் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஈப்போ வரை தூங்கினான். ஒரு வாரம் ஓய்வெடுத்ததில் கொஞ்சம் தெளிந்திருந்தான், முகத்தில் ரத்தம் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இறங்கியதும், "பசிக்குது தம்பி, ரொட்டி சாப்பிடுவமா?" என்று அவனாகவே கேட்டான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முதலில் பேசிய பேச்சு அது.

பாடாங்கில் ஐந்து கோல்கீப்பர்கள் நின்றார்கள். கையுறையோடு நின்றது இவன் ஒருவன்தான். ஆரஞ்சு நிறம் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. பயிற்சியாளர் அதைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முதல் பந்து நேராக மார்புக்கு வந்தது, அணைத்துவிட்டான். இரண்டாவது தரையோடு இடப்பக்கம். பந்து தாண்டியது, பிறகு விழுந்தான். மூன்றாவதுக்கும் அப்படியே. நாலாவதில் உதைத்தவன் நடந்து வந்து தட்டினான், கிண்டலாகத்தான். அதுவும் போய்விட்டது. கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஆறாவது, ஏழாவதுக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு நின்றதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அவன் ஒவ்வொரு தடவையும் பாய்ந்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடியும் முழங்காலை மடித்து, கையை விரித்து நின்றான்.

பயிற்சியாளர் அவன் தோளில் கை போட்டுக் கோட்டுக்கு வெளியே அழைத்து வந்தார். உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான் அண்ணன். சரியில்லை என்று சொன்னால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அவர் என் கல்லூரி முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உயரம் இருக்கிறது, கை இருக்கிறது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். நல்ல மனிதர். அப்படிச் சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அண்ணன் கால்வாய் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். சாப்பிட்ட ரொட்டி எல்லாம் வெளியே வந்தது. முன்கைச் சதை தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது, தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி. நான் தங்கியிருந்த தெருவில் ஒரு கிளினிக் உண்டு. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் டாக்டர். அங்கே கூட்டிப் போனேன். கண்ணில் டார்ச் அடித்தார், இரண்டு தடவை அடித்தார். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. பிறகு டார்ச்சை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

அவன் நிதானமாகச் சொன்னான். மரம், ஓட்டை, ஊசிக்குழல், களிமண். 

"கையுறை ஒண்டும் தாறேல்லையோ அங்க?"

"தராங்க டாக்டர்," என்றான் அண்ணன். "பத்தரமா வச்சிருக்கேன்."

பையைத் திறந்து எடுத்துக் காட்டினான். புடவைத் துணியில் சுற்றி, சைக்கிள் டியூப் வாரோடு. அந்த அம்மா அதை வாங்கிப் பார்த்தார், வெட்டின விளிம்பை விரலால் தடவினார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அந்த மருந்து தோல் வழியாக உள்ளே போய் நரம்பைக் கட்டிப் போடுகிறது என்று விளக்கினார். மூளை சொல்வது கைக்குப் போய்ச் சேர நேரமாகிறதாம். உடனே நிறுத்தினால், பல மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால், பெரும்பாலும் தெளிந்துவிடும். தொட்டுக்கொண்டே இருந்தால் எது வரை போகும் என்று அவரால் சொல்ல முடியாது. மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வெளியே வரும்போது அண்ணன் என்னிடம், "அப்ப எனக்கு மலாஸ் இல்லியா?" என்றான். கிண்டலே இல்லாமல் கேட்டான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான்.

கடிதம் வேலை செய்தது. அதுதான் விஷயம், யாரும் எங்களைத் துரத்தி அடிக்கவில்லை. மானேஜர் படித்தார், கிராணியிடம் கொடுத்தார், அண்ணனைக் குலை வெட்டுக்கு மாற்றினார்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேலே மட்டையை அறுத்து, பிறகு குலையை அறுக்க வேண்டும். மட்டை முள்ளோடு வரும், குலை ஒரு சின்னப் பிள்ளை கனத்துக்கு மேல் இருக்கும். அறுபட்ட அந்த நொடியே கால் நகர வேண்டும். நகரத் தெரியாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

ஒன்பது நாள் தாக்குப்பிடித்தான். ஒன்பதாம் நாள் மட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். கூட வெட்டினவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தோளோடு போயிற்று. முள் கிழித்த காயம் முதுகுவரை. அன்று மதியம் அந்தக் கூட்டத்து ஆட்கள் நாலு பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சண்டைக்கு வரவில்லை. அவர்களில் மூத்தவர்தான் பேசினார், அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்களால ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு இவன் மேல வச்சுக்கிட்டு வெட்ட முடியாது. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க முன்னால வந்து நிப்போம்?"

அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்கள்.

வேறு வேலை இல்லை என்றார் கிராணி. இருந்தது, ஆனால் அதில் எல்லாம் ஆள் இருந்தது. செக்ரோலில் பேர் நிற்க வேண்டும் என்றால் மாதத்தில் இத்தனை நாள் பெரட்டில் நின்றாக வேண்டும். நான் படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், யாராவது தடுப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அண்ணன் தடுத்தான். ஒரு வாரம் காயம் ஆறினதும் அவனே ஆபீசுக்குப் போய் மருந்து வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டான். இந்த முறை புதுக் கையுறை போட்டான். ஒன்றரை மாதத்தில் விரல் நுனி கிழிந்தது. அடுத்த ஜோடிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. நான் ஈப்போவில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன், அது மெல்லிசு, ஒரே வாரத்தில் உருகிப் பிசுபிசுத்துப் போயிற்று. டாக்டர் சொன்னது தொடவே கூடாது என்று. கொஞ்சமாகத் தொடுவதற்கு அவர் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

கோலில் வேறொருவன் நின்றான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடாங் பக்கம் போய் மரத்தடியில் உட்காருவான். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு எழுந்து வருவான். முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிய அவ்வளவு நேரம் ஆகும்.

அடுத்த ஜூலையில் என் கல்லூரி முகவரிக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அந்தப் பயிற்சியாளர்தான். மறக்கவில்லை அந்த மனிதர். தேர்வுத் தேதி, இடம், இவ்வளவு நாளில் பதில் போடவும் என்று எழுதி, கீழே கோடு போட்டு ஒரு வரி: வயது வரம்பால் உன் அண்ணனுக்கு இதுதான் கடைசி முறை. எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மதியம் இரண்டு மணி இருக்கும். அண்ணன் அப்போதுதான் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். தேதியையும் இடத்தையும் படித்துச் சொன்னேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

கேட்டுக்கொண்டானா என்றே தெரியவில்லை. எதிர் லயத்தில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கொடி முழுக்கப் போட்டு முடித்து, வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இந்த வருசம் வேணாம்டா," என்றான் அப்போதுதான். "கை இன்னும் வரல."

சரி என்றேன்.

"ஒடம்பு முடியலன்னு மட்டும் எழுதிராத. எழுதினா அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்க."

அந்தக் கடைசி வரி வாய்வரை வந்தது. சொல்லியிருக்கலாம். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், பதிலுக்குக் காத்திருந்தான். இந்த முறை மெதுவாக இருந்தது நான்தான்.

உள்ளே போய் அம்மாவின் அரிசி டின் மேல் வைத்து மலாயில் பதில் எழுதினேன். அன்பான அழைப்புக்கு நன்றி, அண்ணனால் வர இயலவில்லை, அன்றைக்கு அவனுக்கு வேலை இருக்கிறது. அது பொய்யில்லை. ஆற்றோரப் பக்கம் இருபது ஏக்கரில் புழு விழுந்திருந்தது, மருந்துக்கு அவன் பேரைத்தான் போட்டிருந்தார்கள்.